மேஸ்திரி படுத்தானா?

ஜனவரி 11

சிஸ்டர் அம்மாவுக்கு,

போனில் பேசினால் கத்துகிறேன், கத்திவிட்டுப் பாதியில் வைத்துவிடுகிறேன், அதனால் எதுவானாலும் எழுது என்று சொல்லிவிட்டுப் போனாய். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் காகிதத்தில் கைவைப்பது இப்போதுதான். லிஃப்ட் சர்வீஸ் ரிப்போர்ட்டில் கயிறு சரி, கதவு சரி, பிரேக் சரி என்று மூன்று சரி போட்டால் என் எழுத்து வேலை முடிந்தது. இந்த வீட்டுக்கு ஒரு சரிகூடப் போட முடியாது.

உன் நாய் படுக்க மாட்டேன் என்கிறான்.

நீ போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. சாயங்காலமானால் கேட்டில் போய் நிற்கிறான். நான் எட்டரைக்கு வரும்போதும் நிற்கிறான். என்னைப் பார்த்து வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கிறான். அப்புறம் ரோந்து ஆரம்பம். அம்மா சமையலறைக்குள் போனால் பின்னாலேயே போய், தோளால் இடித்து இடித்து ஹாலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறான். "நான் என்ன மாடா?" என்று அம்மா சத்தம் போடுகிறாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறான். வெளியே வந்ததும் குதிகாலில் பல்லை வைத்து லேசாக ஒரு அழுத்து. நட, ஹாலுக்கு நட என்று அர்த்தம். எங்கள் இரண்டு பேரையும் சோபாவில் உட்காரவைத்துவிட்டு மறுபடி கேட்டுக்கு. அங்கிருந்து திரும்ப எங்களிடம். நாற்பத்தைந்து கிலோ நடந்தால் தரை அதிர்கிறது. நடுநடுவே தண்ணீர் குடித்துவிட்டு அந்தத் தாடியை என் மடியில் துடைக்கிறான்.

நாய் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நீ. வேறு ஊரில் டயாலிசிஸ் யூனிட் திறக்கிறார்கள், இரண்டு வருஷத்துக்குச் சீனியர் நர்ஸ் வேண்டும் என்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவளும் நீ. நடுவில் நான் யார், காவல்காரனா?

நீ இருந்தபோது நான் எட்டரைக்கு உள்ளே வந்தால் ஹாலில் சாக்கு மூட்டை மாதிரி விழுந்து கிடப்பான். தாண்டித்தான் வருவேன். என்ன செய்வாய் அவனை? ஏதாவது வழி இருந்தால் எழுது. அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
மாடு மேய்ப்பவனிடம் மாட்டிய மாடு


ஜனவரி 19

உங்கள் கடிதம் கிடைத்தது.

நாய், நாய் என்றே எழுதியிருக்கிறீர்கள். மேஸ்திரி என்று அவனுக்குப் பெயர் வைத்ததே நீங்கள்தான். குளியலறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்த ஆட்களை, முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டி நாள் முழுக்க உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான் என்று நீங்களே சிரித்துச் சிரித்து எல்லோரிடமும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவனை நீங்கள் பார்க்கவே இல்லை. தாண்டித்தான் போயிருக்கிறீர்கள்.

தெரிந்துகொள்ளுங்கள். ஆடு மேய்க்கிற நாய்கள் முறைத்துப் பார்த்தே ஆட்டை ஓட்டும். இவன் மாடு ஓட்டிய சாதி. மாடு முறைத்தால் பயப்படாது, அதனால் உடம்பால் இடிப்பான், தோளால் தள்ளுவான், நகரவில்லை என்றால் குதிகாலில் பல் வைப்பான். அது கடி இல்லை. கத்தாதீர்கள், கத்தினால் மந்தை கலைகிறது என்று இன்னும் வேகமாகச் சுற்றுவான். காலையில் ஒரு மணி நேரம் நடை, சாயங்காலம் ஒரு மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து முழு உடம்பையும் வாரிவிட வேண்டும். காதுக்குப் பின்னால் சிக்கு விழும், அங்கே கையால் பிரித்துவிட்டுத்தான் சீப்பு. அத்தையிடம் சொல்லாதீர்கள், அவருக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. நீங்கள் செய்யுங்கள்.

படுக்கவைக்க வழி என்று ஒன்றும் கிடையாது. அவன் ஆட்களை எண்ணுவான். எண்ணிக்கை சரியாக இருந்தால் படுப்பான், இல்லையென்றால் நிற்பான். நம் வீட்டில் மூன்று பேர். இப்போது இரண்டு.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன் என்று எழுதியிருந்தீர்கள். போகட்டுமா என்று நான் உங்களைக் கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போனா போ, இங்க யாரு உன்ன கட்டி வெச்சிருக்கா?" என்றீர்கள். எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு எழுந்து வந்து என் கால்மேல் உட்கார்ந்தவன் அவன் ஒருத்தன்தான்.

இங்கே ஹாஸ்டல் அறையில் மூன்று பேர். பூனைக்குட்டிக்குக்கூட அனுமதி இல்லை. இருந்திருந்தால் உங்களுக்கு இந்தத் தொந்தரவே வைத்திருக்க மாட்டேன்.

மேஸ்திரி படுத்தானா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.


பிப்ரவரி 23

சிஸ்டர் அம்மாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி சாயங்காலம் நடை கூட்டிக்கொண்டு போனேன். பூங்காவில் யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். ஏழெட்டுப் பிள்ளைகள் நாலு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார்கள். உன் மேஸ்திரிக்கு அதைப் பார்த்ததும் கை பரபரத்துவிட்டது. கயிற்றை உருவிக்கொண்டு ஓடிப்போய், ஒவ்வொன்றாக இடித்து, ஏழு பிள்ளைகளையும் மணல் தொட்டிக்குள் சேர்த்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறான். ஒருத்தரையும் வெளியே விடவில்லை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அம்மாக்கள் அலறுகிறார்கள். நான் போய்க் கயிற்றைப் பிடித்துக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து எட்டாவது ஒன்று பந்துக்குப் பின்னால் ரோட்டுப் பக்கம் ஓடியது. அவ்வளவுதான். பத்தடி தூரம் என்னை இழுத்துக்கொண்டே போனான். பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான், அது வேறு. என் வலது தோள் மூட்டு நழுவிவிட்டது.

ரோட்டுக்கு ஓடிய பிள்ளையின் அம்மா அவனுக்கு நன்றி சொல்வாள் என்று பார்த்தேன். போலீசில் சொல்வேன் என்றாள்.

மூன்று வாரம் வேலைக்குப் போகக்கூடாது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஒற்றைக் கையால் என்ன பிடுங்க முடியும்? போன வருஷம் அம்மாவின் முழங்காலுக்கு வந்தாளே, அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண், அவளையே வரச் சொல்லியிருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், ஆறரை மணிக்கு. கையோடு அம்மாவுக்கும் பார்த்துவிடுகிறாள். உன் நாயைக் கண்டு பின்வாங்காமல் நின்ற ஒரே ஆள் அவள்தான்.

நீ இங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதை எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

கேட்டாயே, அவன் இன்னும் படுக்கவில்லை.


மார்ச் 4

கடிதம் வந்ததிலிருந்து மனசே சரியில்லை. தோளை ஒரே நிலையில் வைத்திருக்காதீர்கள், உறைந்துவிடும். தூங்கும்போது கைக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். வலிக்கிறது என்று பயிற்சியை விட்டுவிட வேண்டாம். அந்தப் பெண் சொல்வதைக் கேளுங்கள்.

வர முடியவில்லை. எட்டு மெஷின், மூன்று ஷிப்ட், நாலு நர்ஸ் என்று ஆரம்பித்தது. ஒருத்தி பாதியில் போய்விட்டாள், மூன்று பேர் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஒருவருக்கு நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய் உள்ளே வர வேண்டும், நடுவில் எழுந்து நான் ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல முடியாது. கேட்டுப் பார்த்தேன். மே மாதம் ஒரு வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மே வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழுத்தது அவன் குற்றம் இல்லை, கயிற்றைக் கையில் சுற்றியது உங்கள் குற்றம். ஆனாலும் நான்தான் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு என்மேலும் தப்பு இருக்கிறது.

அவனுக்கு வேலை கொடுங்கள். வேலை இல்லாவிட்டால் வீட்டையே மேய்ப்பான். துணிக்கூடையை வாயில் கொடுத்து மாடிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், போவான். அத்தையின் கண்ணாடிக் கூட்டை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மார்பைத் தட்டிக் கொடுங்கள். தலையில் தட்டினால் அவனுக்குப் பிடிக்காது. இதெல்லாம் உங்களுக்குக் கூடவே இருந்து சொல்ல வேண்டியது. எழுதும்போது யாருக்கோ மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி இருக்கிறது.

ஒரு விஷயம். இன்னும் படுக்கவில்லை என்று படித்தபோது எனக்கு வருத்தம்தான். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. திட்டாதீர்கள்.

மேஸ்திரி படுத்தானா?


ஏப்ரல் 20

சிஸ்டர் அம்மாவுக்கு,

உனக்கு நல்ல செய்தி. மேஸ்திரி படுத்துவிட்டான்!

இன்று நேற்று இல்லை, ஒரு மாதமாகவே ஒழுங்காகப் படுக்கிறான். ஆறு மணிக்குக் கேட்டில் போய் நிற்பான். ஆறரைக்குத் தானாக உள்ளே வந்து, வீட்டை ஒரு சுற்று சுற்றி, ஹாலில் தொப்பென்று விழுந்தால் குறட்டைதான். நம்பமாட்டாய், நானும் இப்போதெல்லாம் ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். தோள் பழையபடி ஆகிவிட்டது. கூடை தூக்குகிறான், கண்ணாடிக் கூடு தேடுகிறான், நீ எழுதியதெல்லாம் செய்கிறான். காதுக்குப் பின்னால் சிக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஆகமொத்தம் பழகிவிட்டான். நீதான் அது இது என்று பயமுறுத்தினாய்.

மே மாதம் நீ அவசரப்பட்டு வரவேண்டும் என்றில்லை. ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாமல் கஷ்டப்படும்போது லீவ் கேட்டுக் கெட்ட பெயர் வாங்காதே. எனக்கும் அந்த வாரம் பதினாறு மாடிக் கட்டடத்தில் கயிறு மாற்றுகிற வேலை இருக்கிறது. அங்கேயே கிடக்க வேண்டிவரும். மழைக்காலத்தில் சாவகாசமாக வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ.

அம்மா நன்றாக இருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.


ஏப்ரல் 27

மேஸ்திரி படுக்கிறான் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம்கூடச் சொன்னேன், எங்கள் வீட்டு மேஸ்திரி வேலையை முடித்துவிட்டாராம் என்று. கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எடுத்துப் படித்தேன். இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை.

அவன் பழகவில்லை. அந்தச் சாதி பழகாது.

ஆறு மணிக்குக் கேட்டில் நிற்கிறான் என்றால் யாரோ ஒருத்தர் வர வேண்டியிருக்கிறது. ஆறரைக்கு உள்ளே வந்து படுக்கிறான் என்றால் அந்த ஒருத்தர் வந்துவிட்டார். ஐந்தரைக்கே வந்துவிடுகிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதினொரு வருஷத்தில் எனக்காக ஒரு நாள்கூட எட்டரைக்கு முன்னால் வந்ததில்லை. அத்தை வாசலைத் தாண்டுவதில்லை. அப்படியானால் ஆறரைக்கு வருவது யார்? தோள்தான் பழையபடி ஆகிவிட்டதே.

காதுக்குப் பின்னால் சிக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சீப்பு எங்கே இருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது. பொறுமையாகத் தரையில் உட்கார்ந்து கையால் பிரித்துவிடுகிறவர் யார்?

எங்கள் யூனிட்டில் ஒருவர் உண்டு. தண்ணீர் குடிக்காதீர்கள் என்றால் தலையாட்டுவார். மறுநாள் சிரித்த முகமாக வந்து, ஒரு சொட்டு குடிக்கவில்லை சிஸ்டர் என்பார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எடை மெஷின்மேல் ஏறச் சொல்வேன். குடித்த தண்ணீர் எடையில் நிற்கும், அது சொல்லிவிடும். உங்கள் கடிதம் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. எல்லாம் சரி, எல்லாம் சரி என்று எழுதிவிட்டு, உங்களையே காட்டிக்கொடுக்கிற ஒன்றையும் கூடவே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அவனைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டீர்கள்.

அத்தைக்குத் தெரியுமா? தெரியாமல் எப்படி இருக்கும், அதே ஹாலில்தானே அவரும்.

அந்தப் பெண்தானா? எத்தனை நாளாக? உன்னைத்தான் கேட்கிறேன். ஆமாம், உன்னைத்தான். இத்தனை வருஷம் மரியாதை போட்டுப் பேசிய வாய் இன்றைக்கு வலிக்கிறது.

அவன் படுத்தானா என்று இனி கேட்க மாட்டேன்.


மே 5

ஒரு நாய் எத்தனை மணிக்குப் படுக்கிறது என்பதை வைத்துப் புருஷனைக் கூண்டில் ஏற்றியவள் உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

நான் எதையும் மறைக்கவில்லை. எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஆமாம், அவள்தான். மார்ச் பாதியிலிருந்து. இதற்குமேல் என்ன கேட்க வேண்டும்? உனக்கு எட்டு மெஷின் இருந்தது, முப்பது நோயாளி இருந்தார்கள். எனக்குச் சாயங்காலம் ஆறு மணி இருந்தது. நீ போன பிறகு இந்த வீட்டில் நானும் அம்மாவும் டிவியைப் பார்ப்போம், அவன் எங்களைப் பார்ப்பான், யாரும் வாய் திறக்க மாட்டோம். அவள் வந்தாள், தோளைப் பிடித்துவிட்டாள், அம்மாவைச் சிரிக்கவைத்தாள், அவனை வாரிவிட்டாள். பேச்சுச் சத்தம் கேட்டது வீட்டில். அதற்காக நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீ மட்டும் பச்சைப் பிள்ளை மாதிரி எழுதாதே. பெட்டியை மூடிய அன்றைக்கே நீ பாதி போய்விட்டாய், எனக்குத் தெரியும். போனா போ என்றேன். போகாதே என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பாயா? யோசித்துச் சொல்.

அம்மாவை இதில் இழுக்காதே.

வந்து பேசுவதென்றால் வா. பேச இஷ்டமில்லை என்றால், இந்த வீட்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொண்டு போ. நான் குறுக்கே நிற்கவில்லை.


ஜூன் 1

எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றாய். எடுத்துக்கொண்டேன். பீரோவைத் திறக்கவில்லை, ஒரு கரண்டியைத் தொடவில்லை, நீ எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

நீ வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துத்தான் வந்தேன். அத்தை கதவைத் திறந்தார். "சாப்டியா?" என்றார். அவன் என்னை மூன்று சுற்று சுற்றி, முதுகில் இடித்து, ஹாலுக்குள் தள்ளி, சோபாவில் உட்காரவைத்து, என் பாதத்தின்மேல் அவ்வளவு எடையையும் போட்டு உட்கார்ந்தான். அத்தை எழுந்துபோய் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "முழங்கால் தாங்கலைன்னு நான்தாம்மா அந்தப் பொண்ண தினமும் வரச் சொன்னேன்" என்றார். உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தானா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டேன். ஊர்க்கோடியில் மாடியில் ஒரு அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு அடுப்பு. கீழே தையல் கடை. இவனுக்காக எடுத்த அறை.

பதினொரு நாளாகிறது. அவன் படுக்கவில்லை.

கதவைப் பார்த்து நிற்கிறான். நான் வேலையிலிருந்து வந்தால் வாலை ஒரு தடவை ஆட்டுகிறான், எனக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்க்கிறான். உன் முதல் கடிதத்தில் எழுதினாயே, அதே மாதிரி. அன்றைக்கு அதைப் படித்து மனசுக்குள் குளிர்ந்தேன். இன்றைக்கு எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். அவன் எனக்காக நிற்கவில்லை. நான்தான் வந்துவிட்டேனே. நின்றுகொண்டே கண் சொருகுகிறான், முன்னங்கால் மடங்கியதும் திடுக்கிட்டு நிமிர்கிறான். சாப்பாட்டில் பாதி அப்படியே இருக்கிறது. நகம் தரையில் படுகிற சத்தம் பகல் முழுக்கக் கேட்பதாகத் தையல்காரர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, பாவம், அவருக்குக் கவலை. மருத்துவர் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்கிறார். எனக்குத் தெரியாதா?

என்னை நீ விட்டதைத் தாங்கிக்கொண்டேன். அவன் கணக்கில் நான் மட்டும் போதாது என்பதைத் தாங்க முடியவில்லை. ஆனால் என் ரோஷத்துக்காக ஒரு ஜீவன் நின்றே சாக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கொண்டுவருகிறேன். நீ இரு. அத்தை இருக்கட்டும். அவளும் இருக்கட்டும், அவளையும்தானே எண்ணுகிறான்.


ஜூன் 24

நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாய். அதனால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு ஆளுக்கொரு மூலையில்தானே நின்றோம். நீ வாசலில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாய், நான் மாடிப்படியில், அம்மா ஹாலில், அவள் சமையலறையில். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் படியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நாலு பேரையும் ஒரு தடவை நின்று பார்த்தான். பிறகு முதலில் உன்னைத்தான் பிடித்தான். பின்னாலிருந்து இடித்துச் சமையலறைக்குள் தள்ளிவிட்டு என்னிடம் வந்தான். நான் அசையவில்லை. குதிகாலில் ஒன்று வைத்தான் பார், பேண்ட்டைத் தாண்டி இறங்கியது. அம்மாவை மட்டும் பதமாக, முழங்காலில் படாமல். இரண்டு நிமிஷத்தில் இரண்டு ஆள் நிற்கிற இடத்தில் நாலு பேர். என் முழங்கை உன் தோளில் படாமல் இருக்க நான் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நின்றேன். நம்மை இரண்டு சுற்று சுற்றினான். சமையலறை வாசற்படியின் குறுக்கே தொப்பென்று விழுந்தான். உடனே குறட்டை.

அரை மணி நேரம். பதினைந்து இருபது நாள் தூங்காத ஜீவனை எழுப்ப ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. நான் சரிசெய்கிறேன் சரிசெய்கிறேன் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் என்ன செய்வதென்று தெரியாமல் உன் டம்ளரைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ அதை வாங்கி, "இது அங்க இல்ல, மேல் தட்டுல" என்று சொல்லி உன் கையாலேயே வைத்தாய். அதுதான் அன்றைக்கு அந்த அறையில் பேசிய ஒரே பேச்சு. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லிஃப்ட் நடுவில் நின்றுபோய் ஆட்கள் மாட்டிக்கொண்டால் நான் போய்த் திறந்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் உள்ளே நின்றது அன்றைக்குத்தான்.

அப்புறம் நீ அவனைத் தாண்டினாய். அவன் ஒரு கண்ணைத் திறந்தான். நீ குனிந்து அவன் காதில் என்னவோ சொன்னாய். கண்ணை மூடிக்கொண்டான். நீ போய்விட்டாய்.

அவள் அடுத்த வாரமே வருவதை நிறுத்திவிட்டாள். "இந்த வீட்ல மேஸ்திரியோட சேத்து ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்க, எனக்கு எடமில்ல" என்றாள். வேறு சண்டை ஒன்றும் இல்லை.

அன்றைக்கு எழுந்தவன் இன்னும் படுக்கவில்லை. முன்னே மூன்று பேர் போதும் என்றிருந்தான். நீ கூட்டிக்கொண்டு போய் வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்ததில் நாலாகிவிட்டது போலிருக்கிறது. கூட்டத் தெரிகிறது அவனுக்கு, கழிக்கத் தெரியவில்லை. இப்போது இருப்பது நானும் அம்மாவும். ஆறு மணிக்குக் கேட்டில் நிற்கிறான். நானும் கூடப் போய் நிற்கிறேன். அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

காதுக்குப் பின்னால் கையால் பிரித்துவிட்டுத்தான் சீப்பு போடுகிறேன். குழாயைச் சரிசெய்துவிட்டேன். எட்டரை மணி என்பதே இனி கிடையாது. வா. எனக்காக வேண்டாம், அவனுக்காகவாவது வா. வரமாட்டாய் என்றால் அவன் காதில் என்ன சொன்னாய் என்றாவது எழுது.


ஜூலை 2

உங்கள் கடிதம் கிடைத்தது.

வரமாட்டேன். இங்கே ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேஸ்திரி உங்களிடமே இருக்கட்டும். தோட்டம் இருக்கிறது, அத்தை இருக்கிறார், அவன் மேய்க்க இடம் இருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை, ஒற்றை அறை. அவனைத் தனியாக நிறுத்திவைக்க எனக்கு உரிமை இல்லை.

போகாதே என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பாயா என்று கேட்டிருந்தீர்கள். யோசித்துப் பார்த்தேன். இருந்திருப்பேன். அதை எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

அவனைப் படுக்கவைக்க வழி உண்டு. வழி ஒன்றும் கிடையாது என்று ஜனவரியில் உங்களுக்கு எழுதியது பொய். தெரிந்தே எழுதினேன். என் இடம் காலியாக இருக்கிறது என்பதை அந்த வீட்டில் யாராவது ஒருத்தர் தினமும் நின்று சொல்லட்டும் என்று நினைத்தேன். அந்தப் பொய்க்காக அவன் எத்தனை நாள் கால்கடுக்க நின்றான் என்று நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. உங்கள் பொய்யைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு பேசிய நான் என்னுடையதை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

நீங்கள் எட்டரைக்கு வருவீர்கள், அவன் படுத்திருப்பான், தாண்டிக்கொண்டு போவீர்கள். அவன் தானாகப் படுத்தான் என்றுதானே நினைத்தீர்கள்? உங்களுக்காக ஆறு மணியிலிருந்து நிற்பான். எனக்குப் பார்க்கச் சகிக்காது. ஏழு மணிக்கு அவன் பக்கத்தில் தரையில் உட்காருவேன். கையை அவன் தோள்மேல் வைத்து, நம் எடையைக் கொஞ்சம் அவன்மேல் சாய்க்க வேண்டும். அவனும் சாய்வான். சில நாள் பத்து நிமிஷம், சில நாள் ஒரு மணி நேரம். மூச்சு நிதானமாவது கைக்குத் தெரியும். அப்போது காதருகே குனிந்து, "எல்லாரும் வந்தாச்சு, படு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள், ஆனாலும் சொல்வேன். என் பேச்சை நம்பிப் படுத்துவிடுவான். எழுந்துபோய் உங்களுக்குச் சாப்பாடு எடுத்துவைப்பேன். மூன்று வருஷம் அப்படித்தான் நடந்தது.

அன்றைக்குச் சமையலறையிலும் அதைத்தான் சொன்னேன். அந்த ஒரு நாள்தான் அது உண்மை.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். சொல்லும்போது குரலில் சந்தேகம் இருக்கக் கூடாது. இருந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். இந்த அறையில் தினமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே சொன்னேன். நானே நம்பவில்லை, அவன் எப்படி நம்புவான்.

நீங்கள் சொல்லிப் பாருங்கள். இல்லாததை இருப்பதுபோல், நம்பும்படி சொல்ல வேண்டும். உங்களுக்கு அது கஷ்டமாக இருக்காது.